‘நாலு மணிக்கு ஒருக்கா’: வீட்டில் மார்ஃபின் கொடுத்த ஒரு குடும்பமும் நாங்கள் கோட்டைவிட்ட எட்டு நாளும்

வீட்டுக்கே போய் நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை தரும் ஒரு சின்னக் குழுவில் நான் செவிலியர். ஒரு டாக்டர், இரண்டு செவிலியர், ஒரு டிரைவர், வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் தன்னார்வலர்கள், அவ்வளவுதான் குழு. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். மருத்துவ ரீதியாகப் பார்த்தால் சாதாரணமான கேஸ். நான் அவசரத்தில் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன், அதனால் ஒரு மனுஷர் ஒரு வாரம் வலியில் கிடந்தார்.

பின்னணி

நோயாளி 67 வயது ஆண். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்தவர். புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. இரண்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, எந்த மருந்துக்கும் நோய் கேட்காது என்றான பிறகு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வீடு வீடாக வரும் ஒரு பெண் பணியாளர்தான் எங்களுக்குப் போன் செய்தார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் வந்ததிலிருந்து இப்படிப் படுக்கையில் கிடப்பவர்கள் கண்ணில் படுவது கூடியிருக்கிறது. “ராத்திரி பூரா முனகுறாராம் சிஸ்டர், பக்கத்து வீட்ல தூக்கம் போச்சுங்கிறாங்க” என்றார்.

வலிக்கு அதுவரை கொடுத்துவந்தது டிரமடால், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், அதற்கு மேல் ஏற்றக் கூடாத அளவு. அதுவும் கேட்காத நாளில் ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போய் டைக்ளோஃபினாக் ஊசி. எலும்பில் நோய் பரவியவரை அந்த ரோட்டில் ஆட்டோவில் கூட்டிப் போவதே ஒரு தண்டனை, ஊசியில் கிடைக்கிற நாலைந்து மணி நேர நிம்மதி வீடு திரும்புவதற்குள் பாதி கரைந்துவிடும்.

வீட்டில் பகல் முழுக்க அவரோடு இருப்பது அவர் மனைவி. அறுபது வயது, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். மருமகள் டவுனில் ஜவுளிக்கடையில் வேலை, காலையில் ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவாள். நாலு வயதில் ஒரு பேரன். மகன் பொறியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறார், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மாலை பஸ் ஏறுவார். மருந்து, செலவு, எந்த டாக்டர் என்பதையெல்லாம் போனிலேயே முடிவு செய்வது அவர்தான். இந்த அமைப்பை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

முதல் நாள்

ஒரு வியாழக்கிழமை பகல். டாக்டர் முதலில் பார்த்தது காலில் பலம் இருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்பதை. முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்த ஆரம்பித்தால் கால் விழுந்துவிடும், அது அவசர நிலை. அப்படி ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தது. மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் அதையும் பார்த்தாக வேண்டியிருந்தது. டிரமடாலை நிறுத்திவிட்டு, அதைவிட வலுவான வலி மருந்தான மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு என்று எழுதினார். இடையில் வலி வந்தால் கூடுதலாக ஒன்று. கூடவே மலச்சிக்கலுக்கு பைசகோடில், முதல் சில நாள் குமட்டலுக்கு ஒரு மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் சொன்ன வழிதான் இது: வாய் வழியாக, கடிகாரப்படி, வலி வருவதற்கு முன்பே. வாயால் சாப்பிடும் சாதாரண மார்ஃபின் நாலு மணி நேரம்தான் நிற்கும். அது தீர்வதற்குள் அடுத்தது போய்ச் சேர வேண்டும்.

ஐம்பது மாத்திரை, ஐந்து அட்டை, எண்ணிக் கொடுத்தோம். பதிவேட்டில் மனைவியின் கைநாட்டு, மருமகளின் கையெழுத்து, ஆதார் நகல். இந்தியாவில் மார்ஃபின் 1985-ஆம் வருடத்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அந்தச் சட்டத்துக்குப் பயந்தே பல வருடம் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்காமல் இருந்தன. 2014-இல் திருத்தம் வந்த பிறகு அனுமதி வாங்குவது சுலபமானது, ஆனாலும் அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும்தான் கிடைக்கும், கணக்கும் கட்டாயம். சட்டத்துக்கு இது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டார் கண்ணால் இதைப் பார்த்தால்? ஒருத்தர் மாத்திரையை ஒவ்வொன்றாக எண்ணுகிறார், இன்னொருத்தர் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குகிறார், அட்டையில் சிவப்பில், போதைப்பொருள் வகை மருந்து என்று காட்டும் ‘என்ஆர்எக்ஸ்’ முத்திரை. “பயப்படாதீங்கம்மா, நல்ல மருந்து” என்று நாங்கள் வாயால் சொன்னதை எங்கள் கையே பொய்யாக்கிவிட்டது.

வெளியே வண்டி காத்திருந்தது, அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. பன்னிரண்டு மணிக்கு முதல் மாத்திரையை எங்கள் முன்னாலேயே கொடுக்கச் சொன்னோம். கார்டில் நேரங்களை எழுதி மருமகளிடம் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று அந்த அம்மாவிடம் நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “நாலு மணிக்கு ஒருக்கா கொடுங்கம்மா, ராத்திரிக்கும் சேர்த்துத்தான். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சிஸ்டர்.”

இடைப்பட்ட நாள்கள்

மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன், அத்தை கரெக்டா கொடுக்கிறாங்க என்றாள். வலி எப்படி இருக்கிறது என்றதற்கு, “பரவாயில்லை சிஸ்டர்.” நான் குறிப்பில் ‘வலி கட்டுக்குள் இருக்கிறது’ என்று எழுதினேன்.

‘பரவாயில்லை’ என்ற சொல்லை வைத்து ஒரு குறிப்பு எழுதியதற்கு இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம் ஊரில் அது ‘நன்றாக இருக்கிறது’ என்பதில் தொடங்கி ‘உங்களை எதற்குத் தொந்தரவு செய்வது’ என்பது வரைக்கும் எதற்கும் பொருந்தும். பகல் முழுக்க வீட்டில் இல்லாத ஒருத்தியிடம் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எட்டாம் நாள்: பார்த்தது

அடுத்த வியாழன் காலை பதினோரு மணிக்குப் போனபோது அவர் கட்டிலில் இடப்பக்கம் சாய்ந்து, துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பேச்சு கொடுத்தால் பதில் சொல்வார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பல்லைக் கடிப்பது தெரிந்தது. வழக்கம்போல, “ஐயா, வலி பத்துக்கு எத்தனை?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”

முகத்தைப் பார்த்தால் ரெண்டு இல்லை. திரும்பக் கேட்டேன். “ரெண்டுதாம்மா. பத்துக்கு ரெண்டு மார்க் கூடத் தேறமாட்டேன் போல” என்றார். அவர் தன் உடம்புக்கு மார்க் போட்டிருக்கிறார். அந்த அளவுகோலைப் பள்ளிக்கூடப் பரீட்சையாக நினைத்துக்கொண்டால் பத்து நல்லது, ஒன்று மோசம். இத்தனை வருடம் எத்தனை பேர் இப்படித் தலைகீழாகப் பதில் சொல்லி நான் எழுதிக்கொண்டு வந்திருப்பேனோ தெரியாது. கணக்கை மாற்றினேன். “வலி ஒரு ரூபாய்னு வைங்க. இப்ப எத்தனை அணா இருக்கு?” யோசிக்கவே இல்லை. “பதினாலணா.”

டாக்டர் மாத்திரையைப் பதினைந்து மில்லிகிராமாகக் கூட்டலாமா என்று யோசித்தார். அப்போது நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மீதி மாத்திரையைக் காட்டச் சொன்னது. வாரத்துக்கு 42 போயிருக்க வேண்டும், கையில் எட்டு இருந்தால் கணக்கு சரி. அந்த அம்மா பீரோவைத் திறந்து எடுத்து வந்த எவர்சில்வர் டப்பாவில் 35 இருந்தது.

“எப்படிக் கொடுத்தீங்கம்மா, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்.”

கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நிறுத்தினார். பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிற பழைய கடிகாரம். அதில் நாலைத் தொட்டுக் காட்டினார். “விடியக்காலம் நாலு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. நீங்க சொன்னதுதான். ராத்திரிக்கும் சேர்த்துன்னீங்க, அதான் விடியக்காலம். கடிகாரம் ஃபாஸ்டுன்னு நானா பத்து நிமிஷம் கழிச்சுக் கொடுப்பேன். ஒரு வேளை தவறினதில்ல சிஸ்டர்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் எதுவும் சொல்ல முடியாமல் நின்றேன். ‘நாலு மணிக்கு ஒருக்கா’ என்று நான் சொன்னதற்குத் தமிழில் அவர் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் நேரான அர்த்தம். நான் சொல்ல நினைத்தது ‘நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை’. நடுவில் ‘நேரம்’ என்ற சொல் விழுந்துவிட்டது. அதை விழவிட்டது நான். நாலு மணி நேரம் மட்டும் நிற்கிற மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு, மிச்ச எட்டு மணி நேரமும் அந்த மனுஷர் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

மலச்சிக்கல் மாத்திரை மூன்று நாளில் நின்றிருந்தது. “சாப்பாடே இறங்கல, பேதி மாத்திரை கொடுத்தா உடம்புல என்ன மிச்சம் இருக்கும்?” நான் அதைப் பேதி மாத்திரை என்று சொல்லவில்லை, மருந்துக்கடைக்காரர் சொன்னாராம்.

மகன் சொன்னது

அன்றைக்கு மதியமே மகனுக்குப் போன் செய்தேன். கார்டைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள் என்று மருமகள் சொல்லியிருந்தாள், ஆறு வேளை நேரமும் எண்ணில் தெளிவாக எழுதிய கார்டு. படித்தவர் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்பதுதான் என் சந்தேகம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்குத் தெரியும் சிஸ்டர். அம்மா ரெண்டுதான் கொடுக்கிறாங்கன்னு ரெண்டாம் நாளே தெரியும். குறைச்சலா இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.”

மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். போதை, அடிமை, மூச்சு நின்று சாவு, இப்படித்தான் வந்திருக்கிறது. அதெல்லாம் பொய்யும் இல்லை, ஆரோக்கியமாக இருக்கும் ஒருத்தர் அளவுக்கு மீறி எடுத்தால் நடப்பதுதான். நான் அடிமையாவதைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்: வலிக்காகக் கணக்காக எடுப்பவருக்கு உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது வேறு, போதைக்காக ஏங்குவது வேறு. அவர் நடுவில் நிறுத்தினார். “அது இல்ல சிஸ்டர். நாங்க கொடுத்த மாத்திரையால அப்பா போயிட்டாருன்னா? அம்மா கையால கொடுத்தது. அவங்க அதுக்கப்புறம் எப்படி இருப்பாங்க?”

இந்த வீட்டில் இரண்டு வேறு வேறு பிரச்சினை இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அம்மா தப்பாகக் கேட்டார், கேட்டபடி அட்சரம் பிசகாமல் செய்தார். மகன் சரியாகப் படித்தார், படித்ததைச் செய்யவிடாமல் பயம் தடுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நோட்டீஸைக் கொடுத்து ‘விழிப்புணர்வு’ ஏற்படுத்தியிருந்தால் ஒருத்தருக்குக்கூடப் பயன்பட்டிருக்காது. எங்கள் படிவத்தில் ‘பராமரிப்பாளர் கல்வி’ என்று ஒரு கட்டம் உண்டு, அதில் ‘மூன்றாம் வகுப்பு’ என்று எழுதியிருந்தோம். யாரிடம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும் என்று அந்தக் கட்டம் காட்டிய ஆள் தப்பான ஆள்.

எடுத்த முடிவுகள்

மருந்து அளவைக் கூட்டவில்லை. இந்தக் கேஸில் மருத்துவ ரீதியாக முக்கியமானது இதுதான். அவர் உண்மையில் சாப்பிட்டது நாளைக்கு 20 மில்லிகிராம், எழுதியது 60. 60 பலிக்கவில்லை என்று நினைத்து 90 ஆக்கி, அதே நாளில் வீட்டாரும் வேளையைச் சரிசெய்திருந்தால் 20-லிருந்து ஒரே தாவலாக 90 போயிருக்கும். அதே பத்து மில்லிகிராமைச் சரியான நேரத்தில் கொடுத்துப் பார்ப்பது என்று டாக்டர் தீர்மானித்தார். ஒரே மாற்றம், ராத்திரி இரண்டு மணி வேளையை எடுத்துவிட்டுப் படுக்கும்போது இரண்டாகக் கொடுப்பது. அந்த அம்மாவும் தூங்க வேண்டுமே.

நேரத்தைக் கடிகாரத்திலிருந்து பிரித்து வீட்டு வேலையோடு கட்டினோம். காலை ஆறு, காபி. பத்து, பலகாரம். இரண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம். மாலை ஆறு, விளக்கு வைக்கிற நேரம். பத்து, படுக்கை, இரண்டு மாத்திரை. இதை வைக்க ஐந்து சின்ன டப்பா கேட்டேன், அவர் ஐந்து காலித் தீப்பெட்டி எடுத்து வந்தார், சூரியன், விளக்கு, நிலா எல்லாம் படம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். என் யோசனையில் எனக்கே பெருமை. மூன்று நாள் கழித்துப் போனால் பேரன் ஒரு தீப்பெட்டியைக் காதருகில் வைத்துக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டிருக்கிறான். நல்லவேளை, உள்ளே இருந்தது புளியங்கொட்டை. நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ஃபினைத் தீப்பெட்டியில் வைக்கச் சொன்ன என் புத்தியை என்ன சொல்ல.

அதைச் சரிசெய்தது அந்த அம்மாதான். பரண் மேல் கிடந்த பழைய அஞ்சறைப்பெட்டியைக் கழுவிக் காயவைத்து, “அஞ்சு வேளை, அஞ்சு அறை” என்றார். கடுகு அறை காபிக்கு, சீரகம் பலகாரத்துக்கு, மிளகு சாப்பாட்டுக்கு, வெந்தயம் விளக்குக்கு, மஞ்சள் படுக்கைக்கு. நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்ட பெட்டி, அவருக்கு எந்த அறை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி ஐந்தையும் நிரப்பிப் பீரோவில் பூட்டி, சாவியைத் தாலிச்சரட்டோடு இருக்கும் ஊக்கில் மாட்டிக்கொள்வார்.

மகனுக்குப் பயத்தைப் போக்கும் பேச்சைவிட ஒரு வேலை தேவைப்பட்டது. மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். வீடியோ காலில் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்காமல், எட்டுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே எங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் விழிக்கிறார், மூச்சு பன்னிரண்டு பதினாறு என்று இருக்கிறது என்றால் அது வெறும் தூக்கம். ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

நோயாளியிடம் நாங்கள் பேசவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்டால், அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. “இப்பவே எல்லாத்தையும் தின்னுட்டா, அப்புறம் வலி முத்தறப்ப எதைக் கொடுப்பீங்க?” கடைசிக்கென்று சேர்த்து வைக்கிறார், விதைநெல் மாதிரி. இந்த மருந்துக்கு டிரமடால் மாதிரி இத்தனைதான் என்ற மேல்வரம்பு கிடையாது, வலி கூடினால் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று டாக்டர் அவருக்கே நேராகச் சொன்னார். “அப்ப சரி” என்றார்.

‘புரிஞ்சுதா’ என்று கேட்பதை அன்றோடு விட்டேன். கிளம்பும் முன்பு, “இப்ப ராத்திரி மணி பன்னெண்டு, ஐயா வலிக்குதுங்கிறாங்க, என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். அந்த அம்மா எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து, தண்ணீர் டம்ளரோடு கட்டில் பக்கம் வந்து, “இத கொடுத்துட்டு, மஞ்ச அறைய தொடமாட்டேன்” என்றார்.

அதற்கப்புறம்

ஒன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு மகனிடமிருந்து போன். “அப்பா ரெண்டு நாளா தூங்கிட்டே இருக்கார், எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார்.” ரெண்டு நாள் இல்லை, ஒன்றரை நாள். மூச்சு எண்ணச் சொன்னேன். பதினான்கு. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன், போனிலேயே எனக்குக் கேட்டது: “என்னடா, தூங்கவும் விடமாட்டியா?” மகன் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, வைத்துவிட்டார். மாதக் கணக்கில் தூங்காதவர் வலி விட்டதும் தூங்கித் தீர்க்கிறார். மார்ஃபினின் மயக்கமும் முதல் இரண்டு மூன்று நாள் இருக்கும், பிறகு தெளியும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் போனே வந்திருக்காது.

பதினோராம் நாள் வலி நாலணா. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பேரன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமட்டலும் அடங்கிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் மறுபடி வயிறு. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, இனிமா கொடுக்க வேண்டியதாயிற்று, அவருக்கு அது பெரிய அவமானம். மயக்கமும் குமட்டலும் பழகிப்போகும், மலச்சிக்கல் மட்டும் பழகாது, மார்ஃபின் இருக்கும் வரைக்கும் அந்த மாத்திரையும் இருந்தாக வேண்டும். பேதி என்ற பேச்சை எடுத்தாலே அந்த அம்மா முகம் மாறிவிடும், அதனால் “மார்ஃபின் குடலைத் தூங்கவெச்சிடும்மா, இது அதை எழுப்புற மாத்திரை” என்றேன். அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. எட்டாம் நாளே இதைச் சரிசெய்திருக்க வேண்டும், மார்ஃபின் நேரத்திலேயே எங்கள் கவனம் முழுக்கப் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள் வலி மீண்டும் எட்டணாவுக்கு ஏறியது. இந்தத் தடவை எண்ணிப் பார்த்தோம், எல்லா வேளையும் சரி, இடையில் கூடுதலாக நாளைக்கு மூன்று வரை போயிருந்தது. அதனால் வேளைக்கு 15, படுக்கும்போது 30 என்று கூட்டினோம். ஒன்றரை மாத்திரைக்கு அந்த அம்மா பாக்குவெட்டியை எடுத்தார், நாங்கள் கொண்டுபோன மாத்திரை வெட்டும் கருவியைவிடச் சுத்தமாகப் பாதியாக விழுந்தது. இடுப்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தால் எலும்பு வலி குறையலாம் என்று சொன்னோம், அந்தத் தூரம் போகமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார், வற்புறுத்தவில்லை.

கடைசி நாள்கள்

நாற்பத்து நாலாம் நாளிலிருந்து விழுங்குவது குறைந்தது. மாத்திரையைப் பொடித்து சில சொட்டுத் தண்ணீரில் கரைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கிக் கன்னத்துக்குள் விடக் காட்டிக்கொடுத்தோம். இவர் எடுத்தது சாதாரண மாத்திரை என்பதால் பொடிக்கலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைப் பொடிக்கவே கூடாது. மகன் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். நான் தினமும் போனேன். வலியில் முகம் சுருங்குவது இல்லை, திருப்பிப் படுக்கவைக்கும்போது மட்டும் ஒரு முனகல்.

நாற்பத்தேழாம் நாள் காலை எட்டரைக்கு இறந்தார்.

காரியம் எல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் போனேன். மாத்திரையைத் திரும்ப வாங்கிக் கணக்கு முடிக்க வேண்டும், அதற்காக மட்டும் போகவில்லை என்றாலும். அந்த அம்மா அஞ்சறைப்பெட்டியை அப்படியே எடுத்து வந்து வைத்தார். கடுகு அறை காலி, மற்ற நாலும் நிரம்பியபடி. ஏழரை மாத்திரை. அட்டையில் இன்னும் பதினெட்டு. “சீரகத்துக்கு இருக்கல சிஸ்டர், அதுக்குள்ள போயிட்டாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மகன் உள்ளே போனதும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கடுகு அறை மாத்திரைதானா?”

நாலு வாரமாக அதே அளவு, அதே வேளை, முந்தின நாள் அதே மாத்திரையைக் கொடுத்தீர்கள், அதற்கு முந்தின நாளும் கொடுத்தீர்கள், போனது நோயால் என்று சொன்னேன். மகன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அன்று காலை ஏழு மணிக்கு, அதாவது மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, மூச்சு பதினெட்டு என்று எழுதியிருந்தது. அந்த மருந்து மூச்சை அடக்குவதாக இருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று விளக்கினேன். அந்த அம்மா அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, “இதா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

நாங்கள் மாற்றியவை

எங்கள் கார்டில் இப்போது ‘மணிக்கு’ என்ற சொல்லே கிடையாது. காபி, பலகாரம், சாப்பாடு, விளக்கு, படுக்கை என்று படத்தோடு ஐந்து கட்டம், அதுவும் அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டுவிட்டு நிரப்புவது. பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டில் பாங்கு நேரத்தை வைத்து எழுதினோம். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் சரியாக வரவில்லை.

முதல் நாளும் மூன்றாம் நாளும் போனில் ‘கொடுக்கிறீங்களா’ என்று கேட்பதில்லை, மீதி எத்தனை என்று மட்டும் கேட்கிறோம். டாக்டர் அளவைக் கூட்டும் முன்பு எண்ணிக்கை அவர் முன்னால் இருக்க வேண்டும். கிராமத்துப் பெரியவர்களிடம் வலியை அணாவில் கேட்கிறோம், முப்பது வயதுக்காரரிடம் அணா செல்லாது, அவர்களிடம் போன் சார்ஜ் எத்தனை சதவீதம் தீர்ந்துபோயிருக்கிறது என்று ஒரு சக செவிலியர் கேட்கிறார், அதிலும் தலைகீழ்க் குழப்பம் வருகிறது, நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்விக் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேள்வி சேர்த்தோம்: மாத்திரையைக் கையால் கொடுப்பது யார், வேண்டாம் என்று நிறுத்தக்கூடியவர் யார். இரண்டாவது ஆள் வெளியூரில் இருந்தால் முதல் நாளே போனில் பிடித்து, என்ன படித்தார் என்பதைவிட எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கிறோம்.

கடைசி வாரம் வருகிறது என்று தெரிந்ததும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், சொல்வது சுலபமாக இல்லை. மாத்திரை நேரம் தவறாமல் போவதால், ஏதோ ஒரு மாத்திரை கடைசி மாத்திரையாக அமையும், அதை வீட்டில் யாரோ ஒருத்தர் கையால்தான் கொடுத்திருப்பார், அது காரணம் ஆகாது என்று. இதை நாற்பத்து நாலாம் நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்கலாம்.